அப்பத்தாவுக்கு மறதி இல்லை

கேள்வி: நாங்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வரும் தை மாதம் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) எழுபது சாந்தி. அதற்கு ஒரு மலர் போடுகிறோம். வீட்டிலுள்ள நான்கு தலைமுறையும் தங்கள் காலத்தில் நடந்த பெரிய நாட்டு நடப்பு ஒன்றைச் சொல்வதாக ஆளுக்கு ஒரு பக்கம். அப்பச்சி காமராஜர் மறைந்த நாளைச் சொன்னார். நான் ராஜீவ் காந்தி கொலையான இரவைச் சொன்னேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் கொரோனா ஊரடங்கைச் சொன்னாள். தேவகோட்டையில் பிறந்த எங்கள் அப்பத்தாவுக்கு வயது 92. அவர், "ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்ட சேதி பிள்ளையார் நோன்பன்னைக்கு வந்துச்சு, இழை எடுத்துக்கிற நேரம். அதே வாரம் கோர்ட்டக் கொளுத்துனாங்க. எங்க அப்பச்சி நடந்தே ஊர் வந்து சேந்தாக" என்றார். (நோன்பன்று நூல்திரி ஏற்றிய இனிப்பு மாவைச் சுடரோடு வாங்கி உண்பதுதான் இழை எடுத்துக்கொள்வது.) என் மகள் உடனே செல்போனில் தேடி, குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, பிள்ளையார் நோன்பு ஜனவரியில் வருவது, ஆகவே தப்பு என்று எல்லார் முன்னாலும் காட்டினாள். அப்பச்சியும், "64-ல பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்தாங்களே, அத நெனச்சு ஆத்தா கொழப்புறாக" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்கிறார். மறதி நோயோ என்று மதுரைக்கு அழைத்துப் போய்க் காட்ட இருக்கிறோம். மலரில் எதைப் போடுவது? சரியான வரலாற்றையா, அப்பத்தா சொன்னதையா?

பதில்: மலர் எங்கும் ஓடிவிடாது, தம்பி. முதலில் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் விழுந்த ஒரு சொல்லைப் பார்ப்போம். "அன்றிலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். மறதிக்கு எங்காவது தேதி உண்டா? நேற்று வரை நோன்பையும் இழையையும் கோர்ட்டையும் கோத்துச் சொன்ன மனுஷி, நீங்கள் சிரித்த மறுநாள் காலையில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாரா? வாயை மூடிக்கொண்டார். மூட வைத்தது நீங்கள். செல்போனைக் காட்டிய பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன், அவளுக்குப் பதினேழு வயசு. கூடச் சிரித்த பெரியவர்களைச் சொல்கிறேன்.

மறதி நோயின் போக்கே வேறு. ஒரு மணி நேரத்துக்குள் அதே கேள்வியை நாலு தடவை கேட்பார்கள். அடுப்பில் பாலை வைத்ததே நினைவிருக்காது. அறுபது வருஷம் புழங்கிய வீட்டிலேயே பின்கட்டுக்கு வழி தடுமாறும். இவை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இதில் ஏதாவது இருந்தால் மதுரைக்கு உடனே போங்கள், தள்ளிப்போடக் கூடாது. இல்லையென்றால் முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள். 92 வயதில் காது மந்தமானவர்கள் கூட்டத்தில் பாதி பேச்சு விளங்காமல் ஒதுங்கிவிடுவார்கள். வீட்டார் அதை மறதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது அந்தத் "தப்பு"க்கு வருகிறேன். உங்கள் மகள் பார்த்தது ஏதோ ஒரு வருஷத்து நோன்புத் தேதி. பிள்ளையார் நோன்பு இங்கிலீஷ் காலண்டரில் ஓரிடத்தில் நிற்காது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், மார்கழியில் வளர்பிறைச் சஷ்டியும் சதயமும் கூடும் நாள் அது. கார்த்திகைப் பௌர்ணமி பிந்தினால் ஜனவரி முதல் வாரத்துக்குப் போகும், முந்தினால் டிசம்பரிலேயே முடிந்துவிடும். 1941-ல் அந்தப் பௌர்ணமி டிசம்பர் 3. அடுத்த அமாவாசை டிசம்பர் 18. விரல் விட்டு எண்ணுங்கள்: சஷ்டி 23, 24 தேதிகளில் விழுகிறது. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 23-ஆம் தேதி பகலில். 25-ஆம் தேதி மறுபடியும் போட்டார்கள். அந்தச் சேதி ரேடியோ வழியாகவோ தந்தி வழியாகவோ தேவகோட்டைக்கு வந்தபோது வீட்டு நடுமுற்றமான வளவில் இழை மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள் என்றால், அதில் என்ன தப்பு? எட்டு வயதில் பதிந்ததை எண்பது வருஷம் தாண்டி நாள் பிசகாமல் சொன்னவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். இருபத்தோர் இழையை எண்ணித் திரி திரித்த வீட்டுப் பெண்ணுக்கு நாள் கணக்குத் தெரியாதா?

பிடிக்க வேண்டிய பிசகு ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதை உங்கள் மகள் கோட்டைவிட்டுவிட்டாள். தேவகோட்டைக் கோர்ட்டுக்குத் தீ வைத்தது 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது. குண்டு விழுந்து எட்டு மாதம் ஆன பிறகு. "அதே வாரம்" இல்லை. தமிழ் வருஷக் கணக்கில் குண்டு விஷு வருஷம், கோர்ட்டு சித்திரபானு வருஷம். இரண்டுக்கும் நடுவில் 1942 மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. கப்பல் கிடைக்காத இந்தியர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அப்படி ஒருவர் நடந்து வங்காளத்தையோ அஸ்ஸாமையோ தொட்டு, ரயில் பிடித்து ஊர் சேர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் வீடு காத்துக் கிடந்த மாதங்கள் அவை. சேதி வந்தது, அப்பத்தாவின் அப்பச்சி வந்தார், ஊரில் தீ எரிந்தது. எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அவ்வளவும் சேர்ந்து ஒரே பயம், அதனால் ஒரே வாரம்.

இந்த ஒட்டுப்போடுதல் கிழவிகளுக்கு மட்டும் வருவதில்லை. உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடம் மூடியதும் ஊரடங்கு போட்டதும் ஒரே நாளா என்று. ஒரே நாள் என்றுதான் சொல்லப்போகிறாள். பள்ளிகளை மூடியது 2020 மார்ச் 17. தமிழ்நாட்டில் 144 போட்டது 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு, பிரதமர் இருபத்தொரு நாள் ஊரடங்கை அறிவித்தது அன்று இரவு எட்டு மணிக்கு. நடுவில் முழுதாக ஒரு வாரம் இருக்கிறது. நீங்களும் தப்பவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது 1991 மே 21, இரவு பத்து மணிக்கு மேல். உங்களுக்கு அப்போது பத்து வயசு இருக்கும். "கொலையான இரவு" என்று எழுதியிருக்கிறீர்களே, பத்து வயசுப் பையன் கோடை லீவில் அந்நேரம் முழித்துக்கொண்டு இருந்தானா? அல்லது விடிந்த பிறகு பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டானா? உங்கள் பக்கத்தை யாராவது செல்போனில் தேடி எல்லார் முன்னாலும் காட்டினார்களா? ஊரில் யாரும் உங்களைச் சோதிக்கமாட்டார்கள், சம்பாதிக்கிற ஆம்பிளை நீங்கள். சோதனையெல்லாம் மூலையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு.

உங்கள் அப்பச்சி 1964-ஐ இழுத்ததும் இதே கதைதான். பர்மாவில் 1962-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கினார், அதே வருஷம் மே மாதம் 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றார். கையில் ஒன்றுமில்லாமல் சனங்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். அப்பச்சிக்கு அப்போது எட்டு வயசு. பர்மா என்று சொன்னதும் அவருக்கு அவருடைய எட்டு வயசு நினைவுக்கு வருகிறது, அப்பத்தாவுக்கு அவருடைய எட்டு வயசு. இரண்டுமே நடந்தவை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க மகனுக்கு உரிமை கிடையாது.

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கடந்த ஐம்பது வருஷத்தில் எது பெரிய நிகழ்ச்சி என்று அமெரிக்காவில் ஹோவர்ட் ஷூமன், ஜாக்குலின் ஸ்காட் என்ற இருவர் பல வயதுக்காரர்களைக் கேட்டு 1989-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் பதின்வயதிலும் இருபதுகளிலும் நடந்ததையே சொன்னார்கள். உங்கள் அப்பச்சிக்குப் பொருந்துகிறது: காமராஜர் மறைந்த 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அவருக்குப் பத்தொன்பது. உங்கள் மகளுக்கும் ஏறக்குறைய சரி. அப்பத்தாதான் இடறுகிறார். பதின்வயதுக் கணக்குப்படி அவர் 1948-ஐச் சொல்லியிருக்க வேண்டும். காந்தி சுடப்பட்டது அந்த ஜனவரியில். ஜூலை 25-ஆம் தேதி நேருவே காரைக்குடிக்கு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த நிறுவனம். அவ்வளவையும் தாண்டி எட்டு வயதுக்கு ஏன் போகிறார்?

பணம் நின்றது, தம்பி. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, பர்மா போன ஆம்பிளைகள் அங்கே, பெண்டுகளும் பிள்ளைகளும் பெரும்பாலும் இங்கே. அரிசி விலை 1930-ல் விழுந்தபோது கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு செட்டியார்கள் கையில் இருந்த நிலம், 1937-ல் நாலில் ஒரு பங்கு ஆகிவிட்டது. வட்டிக் காசை உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) எழுதி ஊருக்கு அனுப்பலாம். வயலை அனுப்ப முடியுமா? குண்டு விழுந்த அன்றைக்கு அந்தக் குடும்பங்களின் ஐந்தொகை (சொத்துக் கணக்கு) அப்படியே அங்கே மாட்டிக்கொண்டது. நேரு காரைக்குடிக்கு வந்தது பத்திரிகைச் சேதி, ரங்கூன் குண்டு சமையல்கட்டு வரைக்கும் வந்த சேதி.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அப்பத்தாவை வளவில் உட்கார வைத்துப் பதிவு செய்யாதீர்கள். எதிரொலியும் புறாச் சத்தமும் பேச்சை விழுங்கிவிடும். பக்க அறை ஒன்றில் பாய், போர்வை ஏதாவது விரித்து, காற்றாடியை நிறுத்துங்கள். செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, நாலாக மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். துண்டு இல்லாமல் பலகையில் வைத்தால் கை பட்டதெல்லாம் இடி மாதிரி கேட்கும். தேதி, இடம், யார் யார் இருக்கிறீர்கள் என்பதை முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள். காலைப் பலகாரம் முடிந்த பிறகு நாற்பது நிமிஷம் போதும், சாயங்காலம் களைத்துவிடுவார். கேட்பவர் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும். உங்கள் அப்பச்சி அந்த அறைக்குள் வரவே கூடாது, மகன் இருந்தால் தாய் மகனுக்கு ஏற்ற மாதிரிதான் பேசுவார்.

"எந்த வருஷம்?" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது, சேதியை யார் கொண்டுவந்தது, அவர் முகப்பில் நின்றாரா பட்டாலையில் நின்றாரா, அன்று ராத்திரி யார் சாப்பிடவில்லை, மறுமாசம் எந்த நகையை விற்றார்கள் என்று கேளுங்கள். பதில் நின்ற பிறகு பத்து எண்ணும் வரை பேசாதீர்கள், நல்ல சேதியெல்லாம் அந்தப் பத்துக்குள் வரும். இரண்டு நாள் விட்டு அதையே மறுபடி கேளுங்கள். இரண்டு தடவையும் மாறாமல் வருவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். மாறுவதைத் திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதம் உங்கள் வீட்டில் கிடைக்காது. அது அப்பத்தாவின் பிறந்த வீட்டுச் சமாச்சாரம். தேவகோட்டையில் அவருடைய பங்காளிகள் வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பேரேடு தமிழ் வருஷப் பெயரில் இருக்கும். விஷுவையும் சித்திரபானுவையும் மட்டும் எடுத்து, ரங்கூன் வரவு எந்த மாதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். தந்தித் தாள், தபால் முத்திரை விழுந்த உறை, அவருடைய அப்பச்சி திரும்பி வந்த பிறகு எழுதிய முதல் செலவுக் கணக்கு, இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தாலும் லாபம். மடித்த காகிதத்தை இழுத்து விரிக்காதீர்கள், மடிப்பில் முறியும். செல்லோடேப் ஒட்டவே கூடாது, சில வருஷத்தில் மஞ்சள் பாரித்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

மலரில் அப்பத்தா சொன்னதை அவர் சொன்னபடியே, "சேந்தாக" என்பதைச் "சேர்ந்தார்கள்" என்று மாற்றாமல், "அதே வாரம்" என்பதையும் தொடாமல் அச்சடியுங்கள். அடியில் சிறிய எழுத்தில் ஒரே வரி: ரங்கூன் குண்டுவீச்சு 1941 டிசம்பர் 23, தேவகோட்டைக் கோர்ட்டு எரிந்தது 1942 ஆகஸ்ட். அதே மாதிரி வரி உங்கள் பக்கத்துக்கும், அப்பச்சி பக்கத்துக்கும், மகள் பக்கத்துக்கும் அடியில் இருக்க வேண்டும். நாலுக்கும் போட முடியாதென்றால் ஒன்றுக்கும் போடாதீர்கள்.

உங்கள் மகள் தன் பக்கத்தை இந்த வாரமே எழுதட்டும். 1986-ல் அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், எங்கே எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார் உல்ரிக் நைஸர் என்ற உளவியல் பேராசிரியர். இரண்டரை வருஷம் கழித்து அதே ஆட்களைக் கேட்டபோது பலர் முழுக்க வேறு கதை சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். சிலர் தங்கள் பழைய கையெழுத்தைக் காட்டியும் ஒப்பவில்லை. ஊரடங்கு முடிந்து அதைவிட அதிகக் காலம் ஆகிவிட்டது. அந்த நாள் வாட்ஸ்அப் சேதிகளையும் பள்ளி நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். "ஸாரி" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு ஓடுவது 92 வயசு மனுஷிக்குச் செய்யும் மரியாதை இல்லை. தைக்கு முன்னால் நோன்பு வருகிறது. இந்த வருஷம் அரிசி மாவையும் வெல்லத்தையும் நெய்யையும் அவர் கைக்கு எட்ட வைத்து, மாவு பிசைய அவரையே உட்காரச் சொல்லுங்கள். திரியை அவர் திரிக்கட்டும், கை நடுங்கினால் உங்கள் மகள் நுனியைப் பிடித்துக்கொள்ளட்டும். சுடரோடு இழையை அப்பத்தா கையால் முதலில் வாங்க வேண்டியவர் உங்கள் அப்பச்சி. அடுத்து நீங்கள். உங்கள் மகள் வாங்கும்போது ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "அன்னைக்கு ஒங்களுக்கு இழை எடுத்துக் குடுத்தது யாரு?"

அன்றைக்குப் பதிவு எதுவும் வேண்டாம். செல்போன் எல்லாம் முகப்பிலேயே கிடக்கட்டும்.