பிராந்திய விமான நிறுவனத்தில் பைலட் வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா?

கேள்வி: கொழும்பில் கணிதப் பிரிவில் உயர்தரம் முடித்திருக்கிறேன். பைலட் ஆக விருப்பம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏடிஆர் போன்ற சிறிய காத்தாடி விமானங்களை ஓட்டும் பிராந்திய நிறுவனங்களில் சேர்ந்தால் முன்னேற முடியுமா? ஜெட் வேலை கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லதா?

காத்திருக்காதீர்கள் தம்பி. நான் வெள்ளவத்தைக்காரன். இரத்மலானையில் பறக்கப் பழகி, இப்போது வெளிநாட்டில் ஒரு பிராந்திய நிறுவனத்தில் ஏடிஆர் 72 ஓட்டுகிறேன். லீவில் வந்து ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் போதும், "இன்னும் அந்தக் காத்தாடி பிளேன்தானா? பெரிசுக்கு எப்ப மாறுறாய்?" என்று ஒரு மாமாவாவது கேட்டுவிடுவார். பந்தியில் இருந்துகொண்டு அவருக்கு விளக்கமாகச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இந்நேரம் காசு புரட்டும் பேச்சு தொடங்கியிருக்கும். காணி உறுதியை வங்கியில் வைப்பதா, கனடாவில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்பதா என்று. அதற்கு முன்னால் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டவர் பைலட் ஆக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 வந்தால் சரி. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் பெரிய சிக்கல். அது கட்டணம் கட்டிய பிறகு தெரியவந்தால் போன காசு போனதுதான்.

அடுத்தது மணிக்கணக்கு. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரப் பறப்பு வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட முழுப் பாடநெறி என்றால் 150. கப்டனாவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1500. இந்த இடைவெளியில்தான் எத்தனையோ பிள்ளைகள் உரிமத்தை அலுமாரியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஜெட் வரட்டும் என்று வீட்டில் இருந்தால் கைப்பழக்கம் விட்டுப் போகும், உரிமத்தை உயிரோடு வைத்திருக்கவும் சொந்தக் காசு போகும். எங்கள் வேலையில் ஒரே நாளில் நாலு பறப்பு வரும். விமானத்தை மேலே ஏற்றுவதையும் தரையில் இறக்குவதையும் கப்டனும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம். தூரப் பயண ஜெட்டில் இருக்கும் என் நண்பனுக்கு மாதத்தில் இரண்டு மூன்று தரையிறக்கம் கிடைத்தாலே பெரிய விசயம். ஏடிஆர் 25,000 அடிக்கு மேலே போகாது. அதனால் பருவமழை முகிலை மேலால் தாண்ட வழியில்லை, ரேடாரைப் பார்த்துப் பார்த்துச் சுற்றித்தான் போகவேண்டும். நிலத்தில் மின்சாரம் தரும் துணை எஞ்சினும் இதில் தனியாக இல்லை. வலது பக்கக் காத்தாடியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு அந்த எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் ஏசியும் எடுக்கிறோம். ஒன்றுமில்லாத ஒரு சின்னத் தீவு விமான நிலையத்தில் இந்த வசதி எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே வெயிலில் நின்றவனுக்குத் தெரியும்.

ஆட்சேர்ப்பு எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எழுத்துப் பரீட்சை, மனநிலைத் தேர்வு எல்லாம் தாண்டி என்னைச் சிமுலேட்டருக்குள், அதாவது தரையில் இருந்தே பறக்கப் பழகும் மாதிரிக் கொக்பிட்டுக்குள், அனுப்பினார்கள். ஓட்டோ பைலட் இல்லாமல் கையால் ஓட்டவேண்டும். ஓடுபாதையில் இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தைத் தாண்டிய மறுகணமே இடது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். விமானம் இடது பக்கம் இழுக்கிறது, வலது காலால் ரடரை (மூக்கை நேராக வைத்திருக்கும் வால் சுக்கானின் மிதி) அழுத்திப் பிடித்தபடி ஏறவேண்டும். கால் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்த்தது வேறு. பக்கத்தில் இருந்த பரீட்சகர் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரத்தை வேண்டுமென்றே பிழையாகச் செட் பண்ணினார். நான் உடனே "உயரத்தை ஒருக்கா உறுதிப்படுத்துங்கோ சேர்" என்றேன். பெரியவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் இருக்கும் பழக்கம் நம் வளர்ப்பில் ஊறியது. கொக்பிட்டில் அது ஆளைக் கொல்லும். இதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தில் ஏன் எங்கள் நிறுவனம் என்று கேட்டார்கள். அம்மம்மாவை வைத்தியத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ராத்திரி பஸ்ஸில் கூட்டிவந்த கதையைச் சொன்னேன். விடிய வெள்ளவத்தையில் இறங்கும்போது அவவின் கால் இரண்டும் வீங்கியிருக்கும். இன்று என் விமானத்தில் வருபவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற தாய்மாரும்தான். இந்த வேலையை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இவன் பயிற்சிப் பள்ளிக்கு ஆள் பிடிக்கிறான் என்று யாராவது கீழே எழுதுவார்கள். எந்தப் பள்ளியோடும் எனக்குத் தொடர்பு இல்லை. காசு விசயத்தில் பயமுறுத்தவே செய்கிறேன். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. விமான எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருபவை. என்னோடு பழகியவர்களில் சிலர் அத்தோடு நின்றுவிட்டார்கள், அவர்கள் கெட்டித்தனம் குறைந்தவர்கள் இல்லை. வேலை உறுதியாகாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதி, எடுக்காதீர்கள். அதை நிறுவனமே தந்தால் பொண்ட் கேட்கும், இத்தனை வருடம் வேலை செய்யவேண்டும் என்று. அந்தத் தாளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம்.

கடன் கட்டியே பல வருடம் போகும்.    

சரி, எங்கே விண்ணப்பிப்பது? யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு வரும் ஏடிஆர்கள் இந்திய நிறுவனங்களுடையவை. அலையன்ஸ் எயார் 2019இல் தொடங்கியது, இண்டிகோ 2024இல் வந்தது. அங்கே புதிதாகச் சேர இந்தியக் குடியுரிமை வேண்டும், வெளிநாட்டவருக்கான அனுமதி அனுபவசாலிகளுக்குத்தான். உள்ளூரில் சினமன் எயாரின் சின்ன செஸ்னா கரவான், ஃபிட்ஸ்எயாரின் ஏ320 ஜெட் என்று இடங்கள் கொஞ்சம்தான், அறிவித்தல் வந்தவுடன் போட்டுவிடுங்கள். மாலைதீவைக் கட்டாயம் பாருங்கள். ஏடிஆர், டாஷ் 8, தண்ணீரில் இறங்கும் ட்வின் ஒட்டர் எல்லாம் அங்கே ஓடுகின்றன, கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பயணம்தான். மருத்துவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எழுதுங்கள், சிமுலேட்டர் தேர்வுக்கு நான் தயார் செய்த குறிப்புகளை அனுப்பிவிடுகிறேன்.