ஓடை தள்ளி ஓடுகிறது என்பதால் வண்டல் விசிறியில் வீடு கட்டலாமா?

மலையடிவார வண்டல் விசிறியில், ஓடையிலிருந்து 300 மீட்டர் தள்ளிச் சற்று மேடான மனை கிடைத்திருக்கிறது, வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அஞ்சத்தான் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்ததும் நீர் பரந்து, வேகம் இழந்து, சுமந்து வந்த கல்லையும் மணலையும் அங்கேயே இறக்கிவிடுவதால்தான் விசிறிபோல் விரிந்த இந்தப் படிவு நிலம், அதாவது வண்டல் விசிறி, உருவாகிறது. இறக்கிய கல்லே தன் வழியை அடைத்துக்கொள்ளும்போது ஓடை ஒரே இரவில் வேறு பக்கம் திரும்பிவிடும். உங்கள் மனையின் மேடும் என்றோ அப்படி வந்த வெள்ளம் குவித்ததுதான்.

ஆகவே தூரத்தை அளப்பதைவிட மண்ணைப் பாருங்கள். ஆளுயரக் குழி ஒன்று தோண்டினால், அதன் பக்கவாட்டில் கூழாங்கல்லும் தலையளவுப் பாறையும் அடுக்காகப் பிரியாமல் சேற்றோடு கலந்து கிடக்கின்றனவா? அப்படியானால் அங்கே வந்தது வெறும் நீரன்று, பாறையை உருட்டிக்கொண்டு வந்த சேற்றுப் பெருக்கு. முதிய மரங்களின் அடி பருக்காமல், கம்பம் நட்டதுபோல் மண்ணிலிருந்து நேராகக் கிளம்பினால், அந்த மரத்தின் ஆயுளுக்குள்ளேயே படிவு விழுந்திருக்கக்கூடும். மாறாக, ஓடை ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்ட, மண் முதிர்ந்த பழம்பரப்புகளும் விசிறியில் உண்டு. அவற்றில் அபாயம் குறைவு. இதை நிலவியல் அறிந்த ஒருவர் நேரில் நடந்து பார்த்தே சொல்ல முடியும்.

வெனிசுவேலாவின் வார்காஸ் கடற்கரையில் 1999 டிசம்பரில் மூன்று நாட்களில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, விசிறிகள்மீது நெருங்கி எழுந்திருந்த குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கலிபோர்னியாவின் மான்டெசிட்டோவில் 2018 ஜனவரி 9 அன்று சேற்றுப் பெருக்கில் 23 பேர் உயிரிழந்ததற்கு முந்தைய மாதம்தான் மேலேயுள்ள மலைச்சரிவு காட்டுத்தீயில் எரிந்திருந்தது. எரிந்த சரிவு மழையை உறிஞ்சாது, மண்ணையும் பிடித்து வைக்காது.

பள்ளத்தாக்கு வாயில் பாறைகளைத் தேக்கும் பெரிய குளம் வெட்டி, அங்கிருந்து விசிறியின் அடிவரை கால்வாய் கொண்டுபோவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் அதைத் தூர்வாரப் பணம் ஒதுக்காத ஊரில், அடுத்த மழைக்கு அந்தக் குளம் இருந்தும் இல்லாததே. தனிவீட்டைச் சுற்றி எழுப்பும் மதிலோ பெருக்கை அண்டை வீட்டுக்குத் திருப்பிவிடும். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால், விசிறியின் உச்சிக்கு, அதாவது பள்ளத்தாக்கின் வாய்க்கு, அருகில் உள்ள மனையை விலை எதுவானாலும் விட்டுவிடுங்கள். கீழ்ப்பகுதியில் கட்டுவதானால் தரைமட்டத்தை உயர்த்துங்கள், மலையை நோக்கிய சுவரில் தாழ்வான சன்னல் வைக்காதீர்கள், படுக்கையறையை அந்தப் பக்கம் அமைக்காதீர்கள். கனமழை எச்சரிக்கை வந்தால், இருட்டுவதற்கு முன்பே குடும்பத்தோடு வெளியேறிவிடுங்கள்.