விடை வந்துவிட்டது, இன்னும் மிச்சம் இருக்கா?

கேள்வி: மகள் தரம் 7. கணக்குப் புதிர் கொடுத்தால் கண்டபடி எழுதிப் பார்த்து, நாலைந்து விடை வந்ததும் "முடிஞ்சுது" என்று கொப்பியை மூடுகிறாள். ஒழுங்குமுறையாகச் செய்ய எப்படிப் பழக்கலாம்? - ஒரு தாய், களுவாஞ்சிகுடி

புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று நாலாம் ஐந்தாம் வகுப்பில் வேகவேகமாக விடையைத் தெரிவு செய்தே பழகிய பிள்ளைகள் பலர் இப்படித்தான், ஒரு விடை கிடைத்தால் வேலை முடிந்தது என்பார்கள். அதனால் பல விடைகள் உள்ள, ஆனால் எண்ணி முடிக்கக்கூடிய புதிர்களாகப் பார்த்துக் கொடுங்கள்.

காசுக் கணக்கில் தொடங்கலாம். 1, 2, 5, 10 ரூபாய்க் குத்திகளால் 10 ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? (10 ரூபாய்க்கு இப்போது கடையில் என்ன வரும் என்று கேட்காதீர்கள்.) முதலில் அவள் போக்கிலேயே எழுதட்டும். ஏழோ எட்டோ எழுதுவாள், அதில் ஏதாவதொரு விதம் இரண்டு தரம் வந்திருக்கும். சரி பிழை சொல்லாமல், "ஒன்றும் விடுபடவில்லை என்று எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால், பெரிய குத்தியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க் குத்தி ஒன்று, அது ஒரு விதம். ஐந்து ரூபாய் இரண்டு, அதுவும் ஒரு விதம். ஐந்து ஒன்றென்றால் மீதி 5 ரூபாய்க்கு இரண்டு ரூபாய்க் குத்தி 2, 1, 0 என்று மூன்று விதம். ஐந்தே இல்லையென்றால் இரண்டு ரூபாய்க் குத்தி 5 முதல் 0 வரை ஆறு விதம். மொத்தம் 11, பன்னிரண்டாவதற்கு இடமே இல்லை. சின்னக் குத்தியிலிருந்து ஏறுவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள், ஏதோ ஓர் ஒழுங்கு இருந்தால் போதும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது: 1 முதல் 9 வரையான எண்களை 3×3 கட்டத்தில் போட்டு, நிரை, நிரல், மூலைவிட்டம் எல்லாம் 15 வரச் செய்வது. இதைப் போட்டுப் போட்டு அழித்தே நிரப்பப் பார்ப்பார்கள். கட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கூட்டினால் 15 வரும் மூன்று வெவ்வேறு எண்களை முதலில் பட்டியல் போடச் சொல்லுங்கள். 1 உள்ளவை 1-5-9, 1-6-8. பிறகு 1 இல்லாமல் 2 உள்ளவை 2-4-9, 2-5-8, 2-6-7. அப்புறம் 3-4-8, 3-5-7, கடைசியாக 4-5-6. எட்டுத்தான். கட்டத்திலும் எட்டுக் கோடுகள்தான் (நிரை மூன்று, நிரல் மூன்று, மூலைவிட்டம் இரண்டு), ஆக எல்லாமே தேவை. நடுக்கட்டம் நான்கு கோடுகளில் வரும், பட்டியலில் நான்கு தரம் வருவது 5 மட்டுமே. மூலை மூன்று கோடுகளில் வரும், மூன்று தரம் வருபவை 2, 4, 6, 8. இதைப் பிள்ளை தானாகவே கண்டால் நல்லது, நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

கிழமைக்கு ஒரு புதிர் போதும். அடுத்த கிழமைக்கு, 4×4 கட்டத்தில் எத்தனை சதுரங்கள் என்று கேட்டுப் பாருங்கள். உடனே 16 என்பாள். பருமன் வாரியாக எண்ணினால் 16, 9, 4, 1 என்று 30 வரும்.