டேலி வேண்டுமா, உபுண்டு போதுமா?

கேள்வி: புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் லேப்டாப் பார்த்தேன். ஒரே மாடல்தான். விண்டோஸ் போட்டதைவிட உபுண்டு போட்டது நாலாயிரம் ரூபாய் குறைவு. மகள் பி.காம். படிக்கிறாள், மளிகைக் கடைக் கணக்கையும் அதிலேயே பார்க்க வேண்டும். "உபுண்டுவை எடுங்க, ஐந்நூறு கொடுத்தா விண்டோஸ் ஏத்தித் தர்றேன்" என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்த ஐந்நூறு ரூபாய் விண்டோஸை மறந்துவிடுங்கள். அது கள்ளப் பிரதியாகத்தான் இருக்கும். அதோடு சேர்ந்து வேறு என்ன உள்ளே வருகிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது.

ஆனால் விலை குறைவு என்பதால் உபுண்டுவை மட்டமாக நினைக்காதீர்கள். விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் மென்பொருள்தான் அதுவும். விண்டோஸுக்கான உரிமக் கட்டணம் இதில் இல்லை, அவ்வளவுதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது இது. மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய கட்டளை வரிகள், திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். நீண்ட காலம் ஆதரவு தரும் எல்.டி.எஸ். பதிப்பை எடுத்தால் 5 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் இலவசம். ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ்கள் பெரும்பாலும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, இங்கே அவை செல்லாக்காசு. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

சரி, உங்களுக்குச் சிக்கல், கடைக் கணக்கு எழுதப் பலரும் பயன்படுத்தும் மென்பொருளான டேலிதான். அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. குறுக்கு வழியில் உபுண்டுவில் ஓட வைப்பவர்கள் இருக்கிறார்கள். தினசரி கடைக் கணக்கை அதை நம்பி விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மகளுக்கும் பி.காம். முடித்து வேலை தேடும்போது டேலி கேட்பார்கள். ஆகவே டேலி கட்டாயம் என்றால் நாலாயிரம் கூடக் கொடுத்து, ஒரிஜினல் விண்டோஸோடு வாங்குங்கள். கணக்கு எக்செல் அளவில்தான் என்றால் உபுண்டுவில் இருக்கும் லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். எக்செல் கோப்புகளைத் திறக்கும்; மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) போட்ட கோப்புகள் மட்டும் சில நேரம் தகராறு செய்யும்.

சந்தேகமிருந்தால், உபுண்டு ஏற்றிய பென்டிரைவை வீட்டிலோ நண்பரிடமோ இருக்கும் பழைய கணினியில் செருகி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். உங்கள் பிரிண்டரையும் இணைத்து ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். சில பிரிண்டர்களை லினக்ஸில் இயக்கும் மென்பொருள் (டிரைவர்) கிடைப்பது பெரும்பாடு.

அப்புறம், பாண்டியில் வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேப்டாப்புக்கு அங்கேயும் கடலூரிலும் ஒரே 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.