பள்ளிக்கூடம் போகணுமாம்!

கேள்வி: எங்கள் மகளுக்கு 9 வயது. ஒரு நாள்கூடப் பள்ளிக்கு அனுப்பியதில்லை. அன்ஸ்கூலிங் முறையில் வளர்க்கிறோம். பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை. அவளுக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்வாள். தமிழும் ஆங்கிலமும் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். ஆடு குட்டி போடும்போது கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். ஜான் ஹோல்ட், சம்மர்ஹில்லை நடத்திய நீல் இருவரும்தான் எங்களுக்கு வழிகாட்டிகள். நம் முன்னோர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்? மகன் அப்பாவிடம் கற்றான், மகள் அம்மாவிடம் கற்றாள். ஆனால் ஆறு மாதமாக இவள் ‘நானும் ஸ்கூலுக்குப் போறேன்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதுவும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் போகும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டுமாம். அங்கே எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம்! ஒரு நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். இது அவளுடைய சொந்த விருப்பமே அல்ல, மற்ற பிள்ளைகளைப் பார்த்து வந்த ஆசை. சுதந்திரத்தின் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பொள்ளாச்சி அருகே

பதில்: அனுப்புங்கள்.

நான்கு பக்கம் எழுதியவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வது மரியாதையில்லை என்பதால் மேற்கொண்டும் எழுதுகிறேன். (கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுவதையும் நான் படித்தேன். சில இடங்களை இரண்டு முறை.)

முதலில், இந்தச் சொல்லைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக. வீட்டிலேயே டைம்டேபிள் போட்டு அம்மாவோ அப்பாவோ பாடம் நடத்தினால் அது ஹோம்ஸ்கூலிங். அன்ஸ்கூலிங்கில் அதுவும் கிடையாது. பிள்ளை தன் போக்கில் வாழும், வாழ்வதிலிருந்தே கற்கும். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், பள்ளிகளைத் திருத்தலாம் என்று எழுதி எழுதி அலுத்துப்போய், 1977-ல் இதற்காகவே ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது என்பதைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லி வைக்கிறேன்.

ஹோல்ட் சொன்னதைப் பிழிந்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: பிள்ளையை நம்பு. உங்கள் மகள் விடிய விடிய ஆட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது நம்பினீர்கள். மூன்று மாதம் பட்டாம்பூச்சி மட்டும் வரைந்தபோதும் நம்பினீர்கள். பள்ளிக்கூடம் என்று வாயைத் திறந்ததும் ‘இது உன் விருப்பமே இல்லை’ என்கிறீர்கள். பட்டாம்பூச்சி அவள் விருப்பம், பள்ளிக்கூடம் ஊரார் தூண்டுதல்! எது எது தன் விருப்பம் என்று அப்பா முத்திரை குத்திக் கொடுத்த பிறகுதான் ஒரு பிள்ளை விரும்ப வேண்டும் என்றால், உங்கள் வீட்டிலும் பாடத்திட்டம் இருக்கிறது. அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்ற பிள்ளைகளைப் பார்த்து வந்த ஆசை என்கிறீர்கள். இருக்கட்டுமே! ஆசை வேறு எப்படி வரும்? பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருந்தபோது ஒரு நண்பர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அன்ஸ்கூலிங்குக்கு வந்தோம் என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அடுத்த வீட்டைப் பார்த்தால் அது தேடல். உங்கள் மகள் அடுத்த தோட்டத்தைப் பார்த்தால் அது மந்தை புத்தியா?

அடுத்து நீல். அவரை ஏன் துணைக்கு அழைத்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவர் நடத்திய சம்மர்ஹில் ஒரு பள்ளிக்கூடம், ஐயா. 1921-ல் ஆரம்பித்தது, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இன்றும் நடக்கிறது. வகுப்பு உண்டு, ஆசிரியர் உண்டு, டைம்டேபிள்கூட உண்டு. பிள்ளைகள் வகுப்புக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். கெடுபிடியான பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் முதலில் வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்றும், அந்த வெறுப்பு ஆற சராசரியாக மூன்று மாதம் ஆகும் என்றும் நீல் எழுதியிருக்கிறார். கன்னிமாடப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று வருஷம் ஆனதாம். அதுவரை கதவு திறந்தே இருந்தது. போக மாட்டேன் என்று சொல்லும் உரிமைக்கு மதிப்பு வந்ததே, போவதற்கு ஓர் இடம் இருந்ததால்தான்.

அந்தப் பள்ளியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1999-ல் அரசு ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டு, வகுப்புக்கு வருவது பிள்ளைகளின் இஷ்டம் என்பதெல்லாம் ஒத்துவராது என்று குறிப்பெழுதினார்கள். பள்ளி பணியவில்லை, தீர்ப்பாயத்துக்குப் போனது. 2000-ல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அரசுத் தரப்பு இறங்கிவந்து சமரசம் பேசியது. ஏற்கலாமா வேண்டாமா? லண்டன் நீதிமன்ற அறையிலேயே பிள்ளைகள் கூட்டம் போட்டு, விவாதித்து, ஓட்டுப் போட்டு, ஏற்கலாம் என்று முடிவு செய்தார்கள். அங்கே சின்னப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு. உங்கள் வீட்டில் மூன்று பேர். மகளுக்கு எத்தனை ஓட்டு? உங்கள் மனைவி இதில் என்ன நினைக்கிறார் என்பதற்கு நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால் அவருக்கு எத்தனை ஓட்டு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி, இரண்டு முறை படித்தேன் என்றேனே, அந்த இடம். ‘மகன் அப்பாவிடம் கற்றான், மகள் அம்மாவிடம் கற்றாள்.’ உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த வாக்கியத்தை இவ்வளவு சாதாரணமாக எழுதிவிட முடியாது. 1953-ல் ராஜாஜி அரசு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. வண்ணார் வீட்டுப் பிள்ளை எதைக் கற்கும்? தோட்டி வீட்டுப் பிள்ளை? குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் மற்றவர்களும் தெருவில் இறங்கினார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். அம்மாவிடம் மகள் கற்றதன் லட்சணத்துக்கும் கணக்கு இருக்கிறது. 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூடத் தேறவில்லை. என் அப்பத்தா ரேஷன் கார்டில் கைநாட்டு வைத்துவிட்டு, பெருவிரல் மையை யாரும் பார்ப்பதற்குள் முந்தானையில் துடைத்துக்கொள்வார். அவரும் தன் அம்மாவிடம் கற்றவர்தான். முறுக்கு பிழிவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

உங்கள் மகளுக்கு அந்த நிலை இல்லை. வீடு நிறையப் புத்தகம், இரண்டு பட்டதாரிகள், சொந்தத் தோட்டம், நினைத்தால் திரும்பிப் போக ஒரு வேலை. அதனால்தான் உங்களால் பள்ளி வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. பக்கத்துத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர் அப்படிச் சொன்னால், கணக்கெடுக்க வரும் ஆசிரியர் ‘பள்ளி செல்லாக் குழந்தை’ என்று எழுதிக்கொண்டு போவார். சட்டப்படி பார்த்தால் உங்கள் மகளும் அதே பட்டியலில்தான், செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வரியில்.

வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? இந்த ஊரில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கு எவ்வளவு அடிதடி நடந்திருக்கிறது! சத்துணவுக் கூடத்தில் பக்கத்துத் தட்டு யாருடையது என்று கேட்காமல் சாப்பிடுவதைத் தோட்டத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கூடச் சாப்பிட ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது. ஒன்பது வயதில் அது போதுமான காரணம்.

பள்ளிகளைப் பற்றி நீங்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு நானே சாட்சி. ஏழாம் வகுப்பில் வாய்ப்பாடு தடுக்கியதற்காக வெயிலில் முட்டி போட்டவன் நான். முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வகுப்புக்குள் வந்தால், மறுபடி பதினேழாம் வாய்ப்பாடு. அதற்குப் பிறகு பல நாள் கண்மாய்க் கரையில்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அதனால் பள்ளி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான். உங்கள் மகளுக்கு அந்த முதல் பாதியே கிடைக்கவில்லை.

ஓப்பன் ஸ்கூலில் பத்தாம் வகுப்பு எழுதவைப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அதற்கு 14 வயது நிறைய வேண்டும். அந்த வழி எங்கும் ஓடிப்போகாது. ஆனால் அவள் கேட்பது இந்த வருஷத்தை.

சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ம் பிரிவுப்படி, இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அவளுக்கு அது நான்காம் வகுப்பு. விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஆண்டின் நடுவில் வந்தாலும் இடமில்லை என்று சொல்லக் கூடாது. நுழைவுத் தேர்வு, இன்டர்வியூ எதுவும் கூடாது. அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது, அது 17-ம் பிரிவு. பெற்றோரின் கடமை பற்றி 10-ம் பிரிவு என்ன சொல்கிறது என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். தண்டனை எதுவும் போடவில்லை, பயப்பட வேண்டாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று கண்டிப்புக் காட்டும் ஜெர்மனியாக இருந்தால் இந்நேரம் உங்கள் பிரச்சினை வேறாக இருந்திருக்கும்.

முதல் மாதம் சிரமப்படுவாள். வாசிப்பது அவளுக்குப் பிரச்சினையாக இருக்காது. மணி அடித்தால் எழுந்திருப்பதும், ஒன்றுக்குப் போகக் கை தூக்கி அனுமதி கேட்பதும், போர்டில் இருப்பதை அழிப்பதற்குள் எழுதி முடிப்பதும்தான் கஷ்டம். அழுதுகொண்டு வந்தால் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அவளாகவே வேண்டாம் என்றால் நிறுத்துங்கள், எழுதுங்கள், அப்போது நான் உங்கள் பக்கம்.

அப்புறம் அந்த லேபிள். வகுப்பு என்ற இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறாள் என்று கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை காலை கூட்டிக்கொண்டு போங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோல்ட் பற்றியும் நீல் பற்றியும் தலைமை ஆசிரியையிடம் பேச வேண்டாம். காலைச் சிற்றுண்டி பரிமாறும் நேரம், அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்.