பதில்: மகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் புகார்தான் வருகிறது

மணமுறிவுக்குப் பிறகு ஒன்பது வயது மகளை மாதம் இரண்டு முறைதான் பார்க்கிறீர்கள், அதை எழுதினால் பக்கம் பக்கமாக முன்னாள் மனைவி மேல் கோபமே வருகிறது என்கிறீர்கள். வரட்டும், கொட்டித் தீருங்கள். ஆனால் யாருக்கும் காட்டாதீர்கள். வழக்கு முடியவில்லை என்றால் பொதுவில் போடும் எந்த வரியும் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்குப் போகலாம். வழக்கில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதையே பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. அதனால் பெயர், பள்ளி, படம் எதுவும் வேண்டாம்.

அப்புறம் புதிதாக ஒரு தாள் எடுங்கள். பிரிந்திருக்கும் அப்பாக்கள் எழுதுவதில் நீதிமன்ற வாசலும் ஜீவனாம்சக் கணக்கும் நிறைய இருக்கும், பிள்ளையைத்தான் காணோம். அவள் போன பிறகு சோபா இடுக்கில் கிடைக்கும் ஒற்றை சாக்ஸ், போனில் "ம்" என்று மட்டும் சொன்னாலும் வைக்காமல் இருப்பது, போன தடவை சரியாக இருந்த செருப்பு இப்போது கடிப்பது. எனக்குப் படிக்க வேண்டியது இதுதான்.

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் (1989) 9ஆவது பிரிவு, பிரிந்திருக்கும் பெற்றோருடன் தொடர்பில் இருப்பதைக் குழந்தையின் உரிமையாகத்தான் சொல்கிறது, அவளுடைய நலனுக்கு எதிராக இல்லாதவரை. நீங்களும் அந்தப் பக்கம் நின்று எழுதிப் பாருங்கள், பாதிக் கோபம் தானாகவே உதிரும்.

அவள் அம்மாவைப் பற்றிய வரிகளை, வளர்ந்த மகள் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுமாறும் இடத்தை வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் அன்றைக்கே தேதி போட்டுக் குறித்து வையுங்கள், ஆறு மாதம் போனால் நினைவு நம் பக்கமே சாயும்.