கோழிக்கால் வெளியே கரி, எலும்போரம் சிவப்பு: என்ன பண்றது?

கரி அடுப்புல சுட்ட கோழிக்கால் வெளியே கருகி, உள்ளே வேகாம நிக்குதுன்னு கேட்டிருக்கீங்க. அதை அப்படியே பரிமாறாதீங்க. அடுப்புல இருக்கிற கரியை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, கரி இல்லாத பக்கத்துல காலை வச்சு, மூடி போட்டு இன்னொரு 20 நிமிஷம் விடுங்க. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தாத்தான் கோழி வெந்த கணக்கு.

பத்தே நிமிஷத்துல மசாலா கருகிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஜுவாலை அடங்குறதுக்குள்ள போட்டிருப்பீங்க. கரி மேல சாம்பல் பூத்து, கங்கு மட்டும் சிவந்து கிடக்கணும். அதுவும் நம்ம காரைக்குடிப் பக்கத்து மசாலா, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் அரைச்சு எண்ணெயோட அப்பினது. ஒரு சொட்டு விழுந்தா குப்புன்னு பத்திக்கும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறி நடுவுல ஐஸா இருந்தாலும் இதே கதைதான். முந்தின நாளே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க.

கறி தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. முனையைக் கனத்த சதையில, எலும்புல படாம குத்திப் பாருங்க. (குத்தினா சாறு போயிடும்னு எங்க அப்பத்தா சண்டைக்கு வருவாங்க. போகட்டும்.)

ஒரு விஷயம்: இளங்கோழியில 74 தாண்டின பிறகும் எலும்போரம் சிவப்பு நிக்கலாம். நிறத்தை நம்பாதீங்க, அளவை நம்புங்க.

ஊறவச்ச மசாலா மிச்சத்தை வெந்த கறி மேல தடவ வேண்டாம். அப்புறம், மழை வருதுன்னு கரி அடுப்பை வீட்டுக்குள்ள, ரெண்டாங்கட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. கரியில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு வாயு மணமே இல்லாம ஆளைச் சாய்ச்சுடும்.